உங்களுக்குத் தெரியுமா? – வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

● இத்தாலியின் ரவென்னா நகரில் கவிஞர் தாந்தேயின் கல்லறையில் ஒரு விளக்கு எரிகிறது. ஆண்டுதோறும் செப்டம்பரில் அதற்கு எண்ணெய் கொண்டுவந்து கொடுப்பது ஃபுளோரன்ஸ் நகரம். அவரை விரட்டிய ஊரும் அதுதான். 1302இல் அரசியல் பகையால் நாடுகடத்தி, திரும்பி வந்தால் உயிரோடு எரிப்போம் என்று தீர்ப்பும் எழுதி வைத்தது. ‘தெய்வீக இன்பியல்’ காவியம் நாடோடியாக அலைந்த காலத்தில் எழுதப்பட்டது. 1321இல் ரவென்னாவிலேயே இறந்துபோனார். சுமார் இருநூறு ஆண்டுகள் கழித்து, போப்பின் அனுமதியோடு எலும்புகளை எடுத்துப்போக ஃபுளோரன்ஸ்காரர்கள் வந்தபோது கல்லறை காலி! பக்கத்து மடத்துத் துறவிகள் சுவரில் துளைபோட்டு, எலும்புகளை முன்பே கடத்திவிட்டிருந்தார்கள். 1865இல்தான் அந்த மரப்பெட்டி அகப்பட்டது. ஃபுளோரன்ஸில் அவருக்கென்று கட்டிய பெரிய நினைவுக் கல்லறை இன்றும் வெறுமையாகத்தான் இருக்கிறது. தண்டனையை ரத்துசெய்து நகரமன்றம் தீர்மானம் போட்டது எப்போது என்கிறீர்கள்? 2008இல்.

● தத்துவஞானி ஸ்பினோசாவை ஆம்ஸ்டர்டாமின் யூத சமூகம் விலக்கி வைத்தது 1656 ஜூலை 27 அன்று. வயது 23. யாரும் அவரோடு பேசக்கூடாது, நான்கு முழத் தூரத்துக்குள் போகக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது. ஸ்பெயின், போர்ச்சுகலில் மதத்தின் பெயரால் துரத்தப்பட்டு வந்தவர்களின் சமூகம் அது என்பதுதான் வேதனை. அவர் வேறு மதத்திலும் சேரவில்லை. கண்ணாடி வில்லைகள் தேய்த்துப் பிழைத்தார். 1673இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் வேலைக்குக் கூப்பிட்டபோதும், சுதந்திரம் போய்விடும் என்று மறுத்துவிட்டார்.

● 1849 டிசம்பர் 22. பீட்டர்ஸ்பர்க்கில் கடுங்குளிர். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி உள்ளிட்ட அரசியல் கைதிகளுக்கு மரண தண்டனை வாசிக்கப்பட்டு, வெள்ளைச் சவ அங்கியும் மாட்டியாயிற்று. முதல் மூவரைக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். அடுத்த வரிசையில் தஸ்தயேவ்ஸ்கி. துப்பாக்கிகள் உயர்ந்த பிறகுதான் ஜார் மன்னரின் ‘கருணை’ ஆணை வந்து சேர்ந்தது. எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்ட நாடகம். கட்டப்பட்டிருந்தவர்களில் ஒருவருக்குப் புத்தி பேதலித்தே போனது.

பிறகு தஸ்தயேவ்ஸ்கிக்கு சைபீரியாவின் ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டு, காலில் விலங்கோடு. போகும் வழியில் தொபோல்ஸ்க் ஊரில், முந்தைய தலைமுறைக் கலகக்காரர்களின் மனைவிமார் ஆளுக்கொரு புதிய ஏற்பாடு கொடுத்தார்கள். அட்டைக்குள் பத்து ரூபிள் ஒளித்துத் தைத்திருந்தார்களாம்! சிறையில் வைத்திருக்க அனுமதி இருந்த புத்தகம் அது ஒன்றுதான். மாஸ்கோவில் பாதுகாக்கப்படும் அந்தப் பிரதியில், வரிகளின் ஓரத்தில் அவர் நகத்தால் கீறிய அடையாளங்கள் இருக்கின்றன. கொலைகாரர்களையும் திருடர்களையும் நாவல்களில் மனிதர்களாக எழுதியவருக்கு, அந்தக் கொட்டடிதான் பள்ளிக்கூடம்.

● மணிமேகலையின் கையிலிருந்த, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி நமக்குத் தெரியும். அதற்கு முன்பு அந்தப் பாத்திரம் யார் கையில் இருந்தது? ஆபுத்திரன் கையில். பெற்றவள் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போன பிள்ளை. ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்துக் காத்ததால் வந்த பெயர். வளர்ந்தபின், வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை இரவோடு இரவாக அவிழ்த்துக்கொண்டு போனான். அந்தணர்கள் அடித்து விரட்டினார்கள். பிறப்பைச் சொல்லி இகழ்ந்தார்கள். பிச்சைக்கு நீட்டிய பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அவனோ மதுரைக்குப் போய், வாங்கிய பிச்சையைப் பார்வையற்றோருக்கும் கால் முடங்கியோருக்கும் முதலில் கொடுத்து, மிச்சத்தைத் தின்று, அந்தப் பிச்சைப் பாத்திரத்தையே தலைக்கு வைத்துப் படுத்தான். ஒரு மழை இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் தவித்தபோதுதான் சிந்தாதேவி என்னும் தெய்வம் அமுதசுரபியைக் கொடுத்தாள்.

இனிமேல்தான் கதை. இந்திரன் வந்து வரம் தருவதாகச் சொல்ல, ஆபுத்திரன் சிரித்துவிட்டான். அவமானப்பட்ட இந்திரன் எடுத்த பழிவாங்கல் என்ன தெரியுமா? பாண்டிய நாடு முழுக்க மழை! எங்கும் விளைச்சல், யாருக்கும் பசியில்லை. வற்றாத பாத்திரத்தோடு ஊர் ஊராகத் திரிந்தும் வாங்கிச் சாப்பிட ஆளில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத்தில் இறங்கியவனை, ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் விட்டுவிட்டுப் போய்விட்டது. ஆளில்லாத தீவு. நான் ஒருவன் மட்டும் உண்ணவா இது என்று பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமலே உயிர்விட்டான். பசியைவிடக் கொடியது, கொடுக்க ஆளில்லாமல் போவது என்று எழுதிய காப்பியம் வேறு எங்காவது இருக்கிறதா? எனக்குத் தெரிந்து இல்லை.

● தீண்டாமையால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனாரை வதைக்கும் பண்ணையார் சேக்கிழாரின் பெரிய புராணத்தில் கிடையாது. நாற்பது வேலி அறுவடையை முடித்துவிட்டுத் தில்லைக்கு (சிதம்பரத்துக்கு) போ என்ற கெடுபிடியெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்தது. சேக்கிழார் காட்டும் நந்தனார், கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கியது. அவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் அவருக்காக விலகிய நந்தியை இன்றும் போய்ப் பார்க்கலாம். அங்கே நந்திதான் விலகியது, வாசல் திறக்கவில்லை. தில்லையிலோ நெருப்பில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே போக முடிந்தது. பக்தியோடு படித்தாலும் அந்த இடம் நெருடத்தான் செய்கிறது. புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதியதும், இந்திரா பார்த்தசாரதி ‘நந்தன் கதை’ நாடகம் எழுதியதும் வேறெதற்கு?

● யூத அரசியல் சிந்தனையாளர் ஹன்னா ஆரெண்ட் 1933இல் நாஜி ஜெர்மனியை விட்டு ஓடியவர்; அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது 1951இல். இடையில் பிரான்சில் முகாம் வாசமும் உண்டு. மற்ற உரிமைகளுக்கெல்லாம் முன்னால், ஒரு நாட்டுக்கு உரியவராக இருக்கும் உரிமை வேண்டும் என்று அவர் எழுதியது நூலறிவில் மட்டும் பிறந்ததல்ல.

● 1960 ஜனவரி 4, கார் விபத்தில் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்தார். வண்டிக்கருகே கிடைத்த பையில் கையால் எழுதிய 144 பக்கங்கள்: ‘முதல் மனிதன்’ என்ற, எழுதி முடிக்கப்படாத நாவல். அல்ஜீரியாவில் வறுமையில் வளர்ந்தவர். ஒரு வயது நிறையுமுன் அப்பா போரில் மடிந்தார். வீடுகளில் வேலைசெய்து பிழைத்த அம்மாவுக்குக் காதும் சரியாகக் கேட்காது, எழுத்தும் தெரியாது. நாவலை அந்த அம்மாவுக்கே சமர்ப்பித்திருந்தார். அச்சில் வந்தது 1994இல். அம்மா, மகன் போன அதே ஆண்டில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

● எல்லா ஊரும் நம் ஊரே என்ற கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு (192) மொத்தம் 13 அடி. மேடைகளில் ஒலிப்பது ஒன்றே ஒன்று. பெரியவர்களைப் பார்த்து வியக்கவும் மாட்டோம், எளியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று பாட்டு முடிகிறது. அடுத்தமுறை யாராவது முதல் அடியோடு நிறுத்தினால், கடைசி அடியையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.