நட்டத்தை யார் பையிலிருந்து கட்டுவது?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சபையின் டிரக்டர் கடைச் சுவரை இடித்துவிட்டாலும், வீதி அகலிக்க வந்தவர்கள் எல்லையைத் தாண்டி வெட்டிவிட்டாலும், "கவர்மென்டோடு மல்லுக்கட்ட முடியுமா?" என்று சொல்லிவிட்டு நாமே மேசனைக் கூப்பிட்டுக் கட்டிக்கொள்வோம். சின்னச் சேதத்துக்கு அந்தப் புத்தி சரிதான். ஆனால் கடையே போய்விட்டால்?

இந்தக் கேள்வி நமது மலைநாட்டுக்குப் புதிதல்ல. கம்பளைப் பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹரா மேளத்தோடு போகலாமா என்ற வழக்கின் தொடர்ச்சியாக, 1915 மே மாதக் கடைசியில் கண்டியில் கலவரம் தொடங்கியது. இந்தியக் கரையிலிருந்து வந்து வியாபாரம் செய்த முஸ்லிம்களின் கடைகளே பெரும்பாலும் அழிந்தன. வெள்ளைக்கார அரசாங்கம் அதே ஆண்டில் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்து, பாதிக்கப்பட்ட பகுதிகளில் வசித்த சிங்கள மக்களிடமிருந்து நட்டஈட்டை அறவிட்டது. கல்லெறிந்தவனும் கட்டினான், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவனும் கட்டினான். ஆனால் கலவரத்தை அடக்கப் போன அதிகாரிகளுக்கோ, அவர்கள் மேல் வழக்குப் போட முடியாதபடி தனிக் கட்டளை மூலம் பாதுகாப்புக் கொடுக்கப்பட்டது. கடைக்காரருக்குக் காசு கிடைத்திருக்கலாம். அயலவரின் மனக்கசப்பும் அதோடு சேர்ந்து வந்திருக்கும் என்பதை வியாபாரம் செய்கிற எவரும் விளங்கிக்கொள்வார்.

அந்தக் காலத்தில் ஊழியரின் தவறுக்காக அரசாங்கத்திடம் நட்டஈடு கேட்டு வழக்குப் போடவும் வழி இருக்கவில்லை. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. அரச ஊழியர் தமது கடமையின்போது செய்யும் தவறால் உங்கள் சொத்துக்குச் சேதம் வந்தால், ஒரு தனியார் முதலாளி தன் ஊழியருக்காகப் பொறுப்பேற்பது போலவே அரசும் பொறுப்பு. சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி வழக்குப் போடலாம். தவறு செய்த உத்தியோகத்தர் மீதும் தனிப்பட்ட முறையில் வழக்குப் போடலாம்.

திறந்த கதவைப் பிறகு கொஞ்சம் சாத்தினார்கள். 1977 ஓகஸ்ட்டில் தோட்டப்புறங்களிலும் தமிழ் மக்கள் தாக்கப்பட்டார்கள். 1983 ஜூலையில் நுவரெலியா டவுனில் தமிழ்ச் சகோதரர்களின் கடைகள் எரிந்தன. 1982இல் வந்த இன்டெம்னிட்டி சட்டம், 1977 ஓகஸ்ட் மாதத்தில் சட்டம் ஒழுங்கைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்தவற்றுக்காக அமைச்சர்கள், உத்தியோகத்தர்கள் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது என்றது. 1988இல் அந்தப் பாதுகாப்பை அவ்வாண்டு டிசம்பர் 16 வரை நீட்டினார்கள். 1983உம் அதற்குள் அடங்கிவிட்டது.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியவில் தொடங்கிக் கண்டி மாவட்டத்தின் பல ஊர்களில் நமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. ஊரடங்கு போட்ட பிறகும் தாக்குதல் நடந்தது. பாதுகாப்புக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்பதே அன்று எழுந்த பெரிய குற்றச்சாட்டு. 'அவர் தீ வைக்கவில்லை, தடுக்கவில்லை, அவ்வளவுதானே, அதற்கு வழக்கா?' என்று அப்போது பலர் கேட்டார்கள்.

அதற்குப் பதில் வேறொரு வழக்கில் வந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல் பற்றி முன்கூட்டியே தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா, பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவும் அரச புலனாய்வுச் சேவைப் பணிப்பாளராக இருந்த நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்த ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, தேசிய புலனாய்வுப் பிரதானியாக இருந்த சிசிர மெண்டிஸ் 1 கோடி. எல்லாம் அவரவர் சொந்தப் பணத்திலிருந்து. அரசு கட்ட வேண்டியது 10 இலட்சம் மட்டுமே. அது உயிரிழந்தோர், காயமடைந்தோர் பற்றிய வழக்கு, கடைகள் பற்றியதல்ல. ஆனாலும் கடமையைச் செய்யாத உத்தியோகத்தரின் பையிலேயே கை வைக்கலாம் என்பது அதில் தெளிவாகிவிட்டது. 1915இல் அயலவன் கட்டினான். 1969க்குப் பிறகு வரி கட்டுகிற நாமெல்லோரும் சேர்ந்து கட்டினோம். இப்போதுதான் கணக்கு சரியான ஆளிடம் போகத் தொடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் நம்மவர்கள் தவறவிடுவது நாட்களைத்தான். நாம் ஸப்ர் செய்வோம், காலக்கெடு ஸப்ர் செய்யாது. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. அதற்கு முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை நடந்துகொண்டிருந்தது என்றும் காட்ட வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அரசு மீதோ உத்தியோகத்தர் மீதோ என்றால் முதலில் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளுக்கு அவற்றின் சொந்தச் சட்டங்களில் உள்ள காலக்கெடு சில மாதங்கள்தான். சபை டிரக்டர் இடித்த சுவருக்கு இரண்டு வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். இ.போ.ச. பஸ் இடித்தால் போக்குவரத்துச் சபையின் பெயரிலேயே வழக்கு.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வருமான வரிக்குப் பயந்து 40 இலட்சம் சரக்கைப் புத்தகத்தில் 12 இலட்சம் என்று எழுதி வைத்திருப்பவர், கடை எரிந்த பிறகு நீதிமன்றத்தில் 40 இலட்சத்துக்கு எதைக் காட்டுவார்? பில்லும் ஸ்டொக் புத்தகத்தின் பிரதியும் கடைக்கு வெளியே, வீட்டில் இருக்கட்டும்.

வழக்கு முடிய வருடங்கள் ஆகும், அதுவரை கடை திறக்கக் காசு வேண்டும். சாதாரணத் தீக் காப்புறுதி கலவரத்தில் எரிந்ததற்குப் பணம் தராது. வேலைநிறுத்தம், கலகம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்துகிறது, உங்கள் காப்புறுதிக் கம்பனி மூலமாகவே எடுக்கலாம். அடுத்த முறை பொலிசியைப் புதுப்பிக்கும்போது அந்த வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.