காலை அரைக்காலாக்கும் கணக்கு

லிலிபாண்ட் மென்பொருளில் இசைக்குறிகளை யாரும் வரைவதில்லை; தட்டச்சு செய்கிறார்கள். ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து, அதை ஒட்டி ஓர் எண். 1 என்றால் முழு, 2 அரை, 4 கால், 8 அரைக்கால், 16 வீசம். பழைய பின்ன வாய்பாடேதான். கோப்பை இயக்கினால் ஐந்து கோட்டு இசைத்தாள் அச்சுக்குத் தயாராக வந்து நிற்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹான்-வென் நீன்ஹாய்ஸும் யான் நியூவன்ஹாய்சனும் 1996-ல் தொடங்கிய இலவச மென்பொருள் இது.

16ஆம் நூற்றாண்டின் பாலஸ்திரினா போன்ற இசையமைப்பாளர்களின் இசையைப் பதிப்பிக்கும்போது ஒரு சிக்கல். அக்காலத்தார் நீண்ட குறிகளாகவே எழுதினார்கள். இன்றைய பாடகர் கண்ணுக்கு அது ஆமை வேகமாகத் தெரியும். அதனால் பதிப்பாசிரியர்கள் பல நேரம் எல்லா அளவையும் பாதியாக்குவார்கள்: முழுவை அரையாக, அரையைக் காலாக.

எண்தானே, தேடி மாற்றினால் போயிற்று என்று தோன்றும். செய்து பாருங்கள். முதலில் 1-ஐ 2 ஆக்கி, அடுத்து 2-ஐ 4 ஆக்கி, அப்புறம் 4-ஐ 8 ஆக்கினால் பாட்டு முழுக்க அரைக்கால் மயம்! சிறிய அளவிலிருந்து தொடங்கினால் இந்த விபத்து தவிரும். ஆனாலும் வாசிக்கும் விரலைக் குறிக்கும் 4-உம் மாறாமல் தப்பாது. முழுவுக்கும் இரட்டிப்பான பழைய 'பிரீவ்' குறியோ எண்ணாக இல்லாமல் சொல்லாக எழுதப்படுவதால், தேடலில் சிக்காது.

இதற்கென்றே லிலிபாண்டில் உள்ள 'ஷிஃப்ட் ட்யூரேஷன்ஸ்' கட்டளை எழுத்துகளைத் தொடுவதேயில்லை. மென்பொருள் உள்ளுக்குள் முழுவை 0, அரையை 1, காலை 2, அரைக்காலை 3 என்று வைத்திருக்கிறது. அதாவது இரண்டின் அடுக்கு. பிரீவுக்கு -1. எல்லாவற்றோடும் 1-ஐக் கூட்டினால் அத்தனையும் பாதியாகிவிடும். -1 கொடுத்தால் இரட்டிக்கும். கட்டளைக்குத் தரும் இரண்டாவது எண், குறிக்குப் பக்கத்தில் வைக்கும் புள்ளிகளுக்கு. அது 0 என்றால் இருக்கும் புள்ளி அப்படியே இருக்கும். நம் கர்னாடக ஸ்வரக்குறிப்பிலும் ஒரு வரிசையின் தலைக்கு மேல் கோடிழுத்தால் போதும், காலம் பாதியாகும். ஸ்வரங்களைத் திருப்பி எழுத வேண்டாம்.

'ஸ்கேல் ட்யூரேஷன்ஸ்' என்று ஒன்றும் உண்டு. அது வேறு சாதி. குறியின் உருவம் மாறாது, அது எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் மாறும். ஒரு வரியில் 3/4, கீழ்வரியில் 9/8 என்று இரண்டு தாளங்களை ஒன்றாக ஓட்டும்போது, கீழ்வரியை 2/3 ஆகச் சுருக்கி இரண்டையும் ஒரே கோட்டில் முடிய வைக்கலாம்.

ஷிஃப்ட் கட்டளை தாளக்குறியில் கை வைக்காது. 4/2-ஐ 4/4 ஆக்க வேண்டியது நாம்தான். மறந்துவிட்டால், தாளச் சுற்றின் முடிவில் நாம் போட்டுவைத்த செங்குத்துக் கோடு சரியான இடத்தில் விழவில்லை என்று எச்சரிக்கை வரும்.