கோப்பு ஒத்திசைவுச் சிக்கல்கள்

கோப்பு ஒத்திசைவு என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகளில் உள்ள ஒரு கோப்புறையை எப்போதும் ஒரே நிலையில் வைத்திருக்கும் முறையாகும். 2008 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டிராப்பாக்ஸ், 2012 இல் வெளியான கூகுள் டிரைவ், 2014 வரை ஸ்கைடிரைவ் எனப்பட்ட மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் ஆகியன இணையத்திலுள்ள வழங்கிகளின் வழியாக இதனைச் செய்கின்றன. மைய வழங்கியில் கோப்புகளைச் சேமிக்காமல் கணினிகளையே ஒன்றோடொன்று இணைக்கும் சிங்க்திங் போன்ற கட்டற்ற மென்பொருட்களும் உள்ளன. ஒத்திசைவு தவறும்போது இணைய இணைப்பின் மீதே முதலில் ஐயம் எழுகிறது. எனினும் இணைப்பு சரியாக இருக்கும்போதும் சிக்கல்கள் நிகழ்கின்றன. ஒரு கோப்பின் பெயரையும் காலத்தையும் வெவ்வேறு கணினிகள் வெவ்வேறாகக் கொள்வதே அவற்றுள் பலவற்றுக்குக் காரணமாகும்.

சீர்செய்யும் முன்

ஒத்திசைவு காப்பு நகல் அன்று. ஒரு கணினியில் அழிக்கப்பட்ட கோப்பு மற்றக் கணினிகளிலும் அழிக்கப்படும். பழுதடைந்த கோப்பும் அவ்வாறே பரவும். எனவே மென்பொருளை நீக்கி நிறுவுவதற்கு முன் ஒத்திசைவை இடைநிறுத்தி, ஒவ்வொரு கணினியிலும் உள்ள கோப்புறையைத் தனித்தனியாக வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்தல் வேண்டும். எந்தக் கணினியில் புதிய பதிப்பு உள்ளது என்பது அந்நிலையில் உறுதியாகத் தெரியாது. சில கோப்புகள் பெயரளவில் மட்டுமே கணினியில் இருந்து, திறக்கும்போதுதான் பதிவிறங்கும். அவற்றின் உள்ளடக்கம் வழங்கியில் மட்டுமே இருப்பதால், ஒத்திசைவை நிறுத்துவதற்கு முன்பே அவற்றைப் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும்.

முரண்பட்ட நகல்கள்

இணைப்பற்ற நிலையில் ஒரே கோப்பு இரு கணினிகளில் திருத்தப்பட்டால், ஒத்திசைவு மென்பொருளால் அவற்றை ஒன்றாக்க இயலாது. அது ஒன்றை அதே பெயரிலும் மற்றொன்றை முரண்பட்ட நகல் என்னும் குறிப்புடன் வேறு பெயரிலும் சேமிக்கிறது. அவ்வாறு பெயர் மாற்றப்பட்டது வேண்டாத நகல் என்று கருதி அழித்துவிடுவது பரவலான தவறு. இரண்டையும் திறந்து ஒப்பிட்ட பின்னரே ஒன்றை நீக்க வேண்டும். சிங்க்திங் இரண்டினுள் பழைய நேரம் கொண்ட கோப்பையே முரண்பட்டதாகப் பெயரிடுகிறது. ஆகவே ஒரு கணினியின் கடிகாரம் பிழையாக இருந்தால், உண்மையில் புதிய கோப்பே அப்பெயரைப் பெறலாம்.

கணக்கியல் மென்பொருட்களின் தரவுத்தளங்கள், மின்னஞ்சல் சேமிப்புக் கோப்புகள் போன்றவற்றை ஒத்திசையும் கோப்புறையில் வைத்து நேரடியாகப் பயன்படுத்துதல் கூடாது. எழுதி முடிக்கப்படாத நிலையில் அவை பதிவேற்றப்பட்டால் மறுகணினியில் திறக்க முடியாமற்போகும்.

பெயரால் வரும் சிக்கல்கள்

விண்டோசில் கோப்புப் பெயரில் இடம்பெறக்கூடாத ? * : | போன்ற குறிகள் லினக்சில் ஏற்கப்படுகின்றன. லினக்சில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு பெயர்களாகும். விண்டோசில் அவை பொதுவாக ஒரே பெயர். இத்தகைய கோப்புகள் ஒரு பக்கம் தேங்கி நின்றுவிடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு மேலும் இரு சிக்கல்கள் உள்ளன. ஒருங்குறியில் 'கொடி' என்னும் சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. மாக் கணினிகளில் முன்பு பயன்பட்ட எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸ் பொதுவாகப் பெயர்களைப் பைட்டு பைட்டாக ஒப்பிடுவதால், ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரு கோப்புகள் இருப்பது போன்ற தோற்றம் ஏற்படும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் 'ஔ' எழுத்துக்கும் இது பொருந்தும். ஆப்பிள் 2017 இல் மாக் கணினிகளுக்குக் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் முறைமை பெயரை மாற்றாமல் சேமிக்கிறது. பழைய வட்டுகளிலிருந்து வந்த பெயர்களை மீண்டும் தட்டெழுதி மாற்றுவது எளிய தீர்வு.

இரண்டாவது, நீளம். லினக்சில் வழக்கமாகக் கோப்புப் பெயரின் எல்லை 255 பைட்டுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் கொள்வதால் 85 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கே 5 குறியீடுகளும் 15 பைட்டுகளும் தேவை. விண்டோஸ் பைட்டுகளைக் கொண்டு எண்ணுவதில்லை. ஆதலால் அங்கு ஏற்கப்பட்ட நீண்ட தமிழ்த் தலைப்பு லினக்ஸ் கணினிக்கு வந்து சேராது. அதேவேளை விண்டோசில் கோப்புறைகளின் பெயர்களையும் சேர்த்து மொத்தப் பாதைக்கு 260 என்னும் எல்லை பல மென்பொருட்களுக்கு இன்றும் பொருந்துகிறது.

கண்காணிப்பு எல்லை

லினக்சில் கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் ஐநோட்டிஃபை அமைப்பு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கோப்புறைகளையே கண்காணிக்கும். பழைய கருனிகளில் இதன் இயல்பு மதிப்பு 8192. 2021 இல் வெளியான 5.11 கருனி முதல் இது நினைவகத்திற்கேற்ப அமைகிறது. எல்லை கடந்தால் மாற்றங்கள் உடனடியாகக் கண்டறியப்படாமல் தாமதமாகும்.

மீட்பு

கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் உள்ள கோப்புகள் 2020 அக்டோபர் முதல் 30 நாட்களில் தாமாக நீக்கப்படுகின்றன. டிராப்பாக்சின் இலவசக் கணக்கிலும் மீட்புக் காலம் 30 நாட்களே. சிங்க்திங்கில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி உண்டு. எனினும் கோப்பு அழிந்த பின் அதனை இயக்குவதால் பயனில்லை. முன்னரே இயக்கி வைத்திருத்தல் வேண்டும்.