அவசரத்துக்கு வைத்த அளவு

வட்டக்கோட்டையின் ஒரு பக்கம் கடலுக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர் படைக்குத் தளபதியான டிலனாய், 18ஆம் நூற்றாண்டில் கருங்கல்லில் கட்டுவித்த கோட்டை. வருகிறவர்கள் மதில்மேல் ஏறிக் கடலைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நடுவில் படிக்கட்டு வைத்த குளம் ஒன்று இருக்கிறது, அதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. நூறு பேரை ஓரிடத்தில் தங்கவைக்க வேண்டுமென்றால் முதல் கேள்வி தண்ணீர்தான் என்பது அந்தக் காலத்துப் படைக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது.

இதே அகஸ்தீஸ்வரம் வட்டத்தில்தான் பெருமாள்புரம் இலங்கைத் தமிழர் முகாம். மாவட்டத்தில் பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை என்று இன்னும் மூன்று. இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகத் தமிழகத்துக்கு வந்தவர்கள் 3,04,269 பேர் என்கிறது அரசுக் கணக்கு. பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021இல் சட்டப்பேரவையில் சொல்லப்பட்ட கணக்குப்படி முகாம்களில் மிஞ்சியவர்கள் 18,944 குடும்பங்கள், 58,822 பேர். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றவர்களும் இதில் அடக்கம்.

முகாம்களின் தாய் என்று ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் முகாமைச் சொல்லலாம். அதன் பழைய கதை தண்ணீர், சுகாதாரம் என்ற நம் பொருளோடு நேராக ஒட்டியது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை, காலரா, அம்மை, பிளேக் பயத்தால் சில நாள் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்புவதற்காக அன்றைய இலங்கை அரசு நடத்திய இடம் அது. சுகாதாரம்தான் அந்த முகாம் பிறந்ததற்கே காரணம். அப்படிக் கடல் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் போருக்குத் தப்பி அதே மண்டபத்தில் வந்து இறங்கியதை என்னவென்று சொல்வது?

அகதி முகாம்களுக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று உலகம் ஓர் அளவு வைத்திருக்கிறது. அந்த அளவு பிணங்களின் மேல் எழுதப்பட்டது. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டிக் கோமா நகருக்கு வந்தார்கள். எரிமலைப் பாறை நிலம், கிணறும் தோண்ட முடியாது, கழிப்பறைக் குழியும் தோண்ட முடியாது. ஏரித் தண்ணீரை அப்படியே குடித்தார்கள். காலராவும் சீதபேதியும் முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேரைக் கொண்டுபோயின. அந்த அவமானத்துக்குப் பிறகு தொண்டு அமைப்புகள் கூடி 1997இல் தொடங்கியதுதான் 'ஸ்பியர்' என்ற குறைந்தபட்சத் தர ஏற்பாடு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது. குழாய் 500 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வரிசையில் அரை மணிக்கு மேல் நிற்க வைக்கக் கூடாது. கழிப்பறை, தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று.

அவசர காலத்துக்கு அது நல்ல அளவுதான், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது மாதக்கணக்கில் போடப்பட்ட அளவு. நாற்பது வருஷம் கடந்த முகாமை அதை வைத்து அளந்து 'பரவாயில்லை' என்று சொன்னால் அது கண்துடைப்பு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீடுகளுக்கு வைத்திருக்கும் அளவு, வீட்டுக்குள் குழாய், ஆளுக்கு 55 லிட்டர். முகாமின் வேலிக்கு அப்பால் இருக்கும் தெருவுக்கு அதுதான் அளவு. வேலிக்கு இப்பால் இருப்பவர்களுக்கு மட்டும் ஏன் வேறு படி? ஐந்து பேர் குடும்பத்துக்கு 55 லிட்டர் கணக்கில் 275 லிட்டர் வேண்டும். பொதுக் குழாயிலிருந்து 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் சுமந்தால் 18 நடைக்கு மேல். சுமப்பது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "வசதி செஞ்சு குடுத்தாலும் சுத்தமா வச்சுக்கத் தெரியணுமே." வீட்டுப் பழக்கத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்துபோகும் பேச்சு. பழக்கம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர் வீட்டுக்குள் போன பிறகுதான் பெரும்பாலும் கெடுகிறது. மலாவி நாட்டில் மொசாம்பிக் அகதிகள் இருந்த ஒரு முகாமில் 1993இல் செய்த ஆய்வு பெயர் பெற்றது. சில குடும்பங்களுக்கு மூடியும் மூக்கும் வைத்த வாளி கொடுத்தார்கள், தண்ணீரைச் சாய்த்து ஊற்றத்தான் முடியும், கையை விட முடியாது. அந்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைவாக இருந்தது.

இதை வாசிக்கும் எந்தத் தமிழ்ப் பெண்ணும் சிரிப்பாள். வாய் குறுகி, இடுப்பில் ஏற்றிச் சாய்த்து ஊற்றுகிற குடம் வேறென்ன? பழக்கம் நம்மிடம் இருந்தது. கெடுத்தது டிரம். குழாயில் எப்போது வரும், எவ்வளவு நேரம் வரும் என்று நிச்சயமில்லாத இடத்தில் யாரும் குடத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அகன்ற வாய் டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள், பத்துக்குப் பத்து அறையில் அதற்கு இடமில்லாமல் வாசலில் நிறுத்துகிறார்கள், செம்பை விட்டு மொள்ளுகிறார்கள். குழந்தையின் கையும் அதே செம்போடு உள்ளே போகிறது. மூடி இல்லாத டிரம்மில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினால் போதாது, முட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் உயிரோடு கிடக்கும், வாரம் ஒரு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். சரி. ஆனால் நாளை தண்ணீர் வருமா என்று தெரியாதவர்களிடம் போய் இருக்கிற தண்ணீரைக் கொட்டித் தேய் என்று எந்த வாயால் சொல்வது? முதலில் நேரம் தவறாமல் தண்ணீர் வரட்டும். டிரம் தானாகக் குறையும்.

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவதிலும் இதே ஒழுங்குதான் வேண்டும். குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். ஒரு நாள் அள்ளிப் போட்டு, நாலு நாள் போடாமல் விட்டால், போட்ட அன்றைக்கு 'மருந்து வாடை' என்று யாரும் குடிக்க மாட்டார்கள், போடாத நாளில் குடிப்பார்கள்.

கழிப்பறைக்கு வருவோம். பல முகாம்களில் பல ஆண்டுகள் பொதுக் கழிப்பறைதான். பொதுக் கழிப்பறையை யார் கழுவுவது என்ற சண்டை எல்லா ஊரிலும் உண்டு, முகாமில் இன்னும் கூர்மையாக நடக்கும். நாலு வீட்டுக்கு ஒன்று, சாவி அந்த நாலு வீட்டிடம் என்று பிரித்த இடங்களில் அது ஓரளவு அடங்கிவிடுகிறது. அடங்காத பிரச்சினை வேறு. விளக்கில்லாத வழியில், தாழ்ப்பாள் சரியில்லாத கதவை நம்பி ராத்திரி போக வேண்டுமே என்று பெண்கள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்று எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியதில்லை. மாதவிலக்குத் துணியை வெயிலில் காயப்போட இடமில்லை. குளிப்பதற்கு நாலு கம்பு நட்டுச் சேலையும் தார்ப்பாயும் கட்டிய மறைப்பு. யாழ்ப்பாணத்தில் சொந்த வளவும் கிணற்றடியும் வைத்திருந்த குடும்பங்களும் இவர்களில் உண்டு. சுத்தம் பற்றி இவர்களுக்குப் பாடம் எடுக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

முகாம் மக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களிலிருந்தே பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி கொடுத்தது. உப்பு-சர்க்கரைக் கரைசலிலிருந்து குழந்தைகளின் எடை பார்ப்பது வரை பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லும்போது காதில் ஏறுகிற மாதிரி, வெளியிலிருந்து ஜீப்பில் வருகிறவர் சொல்லி ஏறாது.

பிறகு எங்கே இடிக்கிறது? என் பார்வையில், வாக்குச்சீட்டில். முகாம் இருப்பது பெரும்பாலும் புறம்போக்கில். அதை நடத்துவது வருவாய்த் துறையும் மறுவாழ்வுத் துறையும். தண்ணீரும் சாக்கடையும் உள்ளாட்சியின் கையில். குழாய் உடைந்தால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். வெளியே இருப்பவர்களுக்கும் இதே அலைச்சல் உண்டு, ஆனால் அவர்களிடம் ஓட்டு இருக்கிறது. தேர்தல் நெருங்கும்போதாவது வார்டு உறுப்பினர் வந்து நிற்பார். இந்திய மண்ணில் பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்களின் வாசலில் அவர் ஏன் வந்து நிற்கப் போகிறார்?

2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ரூ.317.40 கோடிக்கு அறிவித்த திட்டம், இந்த வகையில் முக்கியமான திருப்பம். பழுதான 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்ட ரூ.231.54 கோடி. மின்சாரம், கழிப்பறை, குடிநீர் போன்ற அடிப்படை வசதிகளுக்கு ரூ.30 கோடி. மறுநாளே 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பெயர் மாறியதைவிட வீடு மாறியது பெரிது. 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் நடந்த விழாவில், 13 மாவட்டங்களில் ரூ.79.70 கோடியில் கட்டிய 1,591 வீடுகள் திறக்கப்பட்டன. வீட்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் ரூபாய். கழிப்பறைக்கு நடை குறைந்தால் எத்தனை அறிவுரையாலும் மாறாத பழக்கம் மாறும்.

பாராட்டு கொடுத்தாகிவிட்டது, இனி நச்சரிப்பு. வீடு கட்டுவது ஒரு முறைச் செலவு, தண்ணீர் தினச் செலவு. கழிவுநீர்த் தொட்டி நிரம்பினால் லாரிக்குப் பணம் யார் கொடுப்பது? குமரி மாவட்டம் மாதிரி கிணறுகள் நெருங்கிக் கிடக்கும் ஊரில், கழிப்பறைக் குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீட்டர் இடைவெளி என்ற விதியை நெருக்கமான வீட்டு வரிசையில் எப்படிக் காப்பது? திறப்பு விழாக் கல்வெட்டில் இதற்கெல்லாம் இடம் கிடையாது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு முகாம் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று தமிழகத்தில் கிராமசபை கூடுகிறது. ஓட்டு உங்களிடம் இருக்கிறது, அவர்களிடம் இல்லை. கையைத் தூக்கி, முகாம் வீடுகளுக்கும் வீட்டுக் குழாயும் ஆளுக்கு 55 லிட்டரும் வேண்டும் என்று கேட்டு, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.