நூலகர் தொண்டு

ஒரு நாட்டின் செல்வம் அதன் விளைநிலங்களிலும் சுரங்கங்களிலும் மட்டும் அடங்குவதன்று. முன்னோர் ஆராய்ந்து கண்ட அறிவும் செல்வமேயாகும். அச்செல்வம் தேங்கி நிற்கும் ஏரியே நூலகம். ஏரியில் நீர் நிறைந்திருப்பதால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. மதகைத் திறந்து, வாய்க்கால் வழியே உரிய வயலுக்கு உரிய காலத்தில் நீரைச் செலுத்துவார் ஒருவர் வேண்டும். நூலகத்தில் அப்பணியைச் செய்பவர் நூலகர். அவரைப் புத்தகம் எடுத்துக் கொடுத்துக் கையொப்பம் பெறும் எழுத்தர் என்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாது. அவர்தம் பணி காலந்தோறும் வளர்ந்து வந்த வகையை அறிந்தால், அதன் அருமை நன்கு விளங்கும்.

பண்டைக்காலத்தில் நூல்களைக் காப்பதே அவர்தம் தலையாய கடமையாக இருந்தது. அக்காலத்து நூல்கள் பனையோலைச் சுவடிகள். செல்லும் ஈரமும் தீயும் அவற்றிற்குப் பகை. ஒரு சுவடியைப் பார்த்து மற்றொன்று எழுதுவதற்குப் பல நாள் உழைப்பு வேண்டும். ஆதலால், இரவல் சென்ற சுவடி மீளாதொழியின் அந்நூலே உலகில் இல்லாது போதலும் கூடும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) பெரிதும் வளர்த்த சரசுவதி மகால் நூலகம், தமிழ், வடமொழி, மராத்தி முதலிய மொழிச் சுவடிகளை இன்றும் காத்து நிற்கின்றது. ஐரோப்பாவிலோ, இடைக்காலத்தில் நூல்களைச் சங்கிலியால் பலகையோடு பிணைத்து வைத்த நூலகங்களும் இருந்தன. கிடைத்தற்கரிய பொருளைப் பூட்டிக் காத்தல் அக்காலத்திற்கு ஏற்றதே.

அச்சுப்பொறி தோன்றிய பின்னர் நூல்கள் பல்கின. ஆயினும் பூட்டும் பழக்கம் எளிதில் மறையவில்லை. அப்பழக்கத்தை நம் நாட்டில் மாற்ற முனைந்தவருள் தலைசிறந்தவர் சீர்காழி இரா. அரங்கநாதன் ஆவார். 1892-ஆம் ஆண்டு பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்தார். நூலக வேலை தொடக்கத்தில் அவருக்குச் சுவைக்கவில்லை; பழைய ஆசிரியப் பணிக்கே மீள விழைந்தார். பின்னர் நூலகக்கலை பயில இலண்டன் சென்றபோது, ஆங்குத் தொழிலாளரும் சிறுவரும் பொது நூலகங்களால் பெற்ற நலத்தை நேரிற் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தை மாற்றியது. நூலகப் பணியே தம் வாழ்நாட் பணி எனத் துணிந்து, 1925-இல் தாயகம் திரும்பினார்.

இலண்டன் கடையொன்றில் அவர் ஒரு விளையாட்டுக் கருவியைக் கண்டார். சிறு தகடுகளையும் திருகாணிகளையும் பலவாறு இணைத்துப் பலவகை உருவங்களை அமைக்கும் கருவி அது. நூற்பொருளையும் இவ்வாறே கூறு கூறாகப் பிரித்து இணைக்கலாகாதா என்று அவர் சிந்தித்தார். தஞ்சையில் நெற்பயிரைத் தாக்கிய நோய் பற்றி ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். பயிர், நோய், இடம், காலம் என்பன அதன் கூறுகள். ஒவ்வொரு கூற்றிற்கும் ஒரு குறி அளித்து, அவற்றை இணைத்தால் அந்நூலுக்குரிய எண் கிடைக்கும். குறிகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியமையால், 1933-இல் வெளிவந்த அம்முறை ‘கோலன் பகுப்பு முறை’ எனப் பெயர் பெற்றது.

நூலகத்திற்குரிய ஐந்து விதிகளையும் அவர் 1931-இல் நூலாக வெளியிட்டார். நூல் பயன்படுவதற்கே உரியது. எவர்க்கும் அவர்க்கு வேண்டிய நூல் கிடைத்தல் வேண்டும். எந்நூலும் தன்னை நாடுவாரைச் சேர்தல் வேண்டும். படிப்பவர் பொழுது வீணாகலாகாது. நூலகம் உயிர்ப்பொருள் போல வளர்வது என்பன அவற்றின் கருத்து. அதே ஆண்டில் மன்னார்குடியில், கனகசபைப் பிள்ளை என்பாரின் முயற்சியால், மாட்டுவண்டி ஒன்று நூல்களைச் சுமந்து சிற்றூர்களுக்குச் சென்றது. நூலை நாடி மக்கள் வந்த நிலை மாறி, மக்களை நாடி நூல் செல்லத் தொடங்கிற்று!

தி. சு. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டம் இதுவே முதலாவது. வீட்டுவரியோடு சிறுதொகை நூலக வரியாகப் பெறப்பட்டு, ஊர்தோறும் நூலகம் அமைய வழி பிறந்தது. ஆகவே, பொது நூலகம் எவரோ இட்ட பிச்சையன்று. மக்கள் தம் பொருளால் தமக்கென அமைத்துக்கொண்ட உடைமை. அதனுள் நுழைய எளியவரும் நாண வேண்டுவதில்லை.

இன்று நிலைமை மீண்டும் மாறியுள்ளது. முற்காலத்தில் செய்தி கிடைப்பது அரிதாயிருந்தது; இக்காலத்தில் மெய்யான செய்தியைப் பிரித்தறிவது அரிதாகிவிட்டது. கணிப்பொறியும் கைப்பேசியும் நொடிப்பொழுதில் ஆயிரம் விடைகளை நம்முன் கொட்டுகின்றன. ஒரு வேர் கொடிய நோயை ஒரே வாரத்தில் தீர்க்கும் என்று ஒரு செய்தி பரவுகின்றது எனக் கொள்வோம். அதனை நம்பி மருத்துவரை நாடாது விட்டால், போவது பொழுது மட்டுமன்று. உயிரே போதலும் கூடும். பயிற்சி பெற்ற நூலகர் அத்தகைய செய்தியைக் கண்டு மருண்டுவிட மாட்டார். இதனைச் சொன்னவர் யார்? அத்துறையில் அவர் கற்றவரா? எந்நாளில் சொன்னார்? எச்சான்று காட்டினார்? வேறு அறிஞர் உடன்படுகின்றனரா? இவ்வினாக்களை எழுப்பி, நம்பத்தக்க நூல்களை நம் கையில் தருவார். நோய்க்கு மருந்து சொல்லுதல் மருத்துவர் கடமை. மெய்ந்நூலுக்கு வழி காட்டுதல் நூலகர் கடமை.

புதிய பணி வந்தமையால் பழைய பணி நீங்கிவிடவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய தமிழ் நூல்கள், அவர் 1992-இல் மறைந்த பின்னர், சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகப் பேணப்படுகின்றன. நைந்த தாள்கள் படம் எடுக்கப்பட்டு, எதிர்காலத்திற்கெனக் காக்கப்படுகின்றன. சென்னையில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் நூல்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. காத்தலும், பகுத்தலும், கொண்டு சேர்த்தலும், மெய்ம்மை காட்டுதலும் ஆகிய நான்கும் இன்றைய நூலகர் தொண்டாகும்.

மாணவர்களே! உங்கள் ஊர் நூலகத்திற்குச் செல்லுங்கள். வேண்டும் நூல் கிடைக்கவில்லையெனில் வாளா திரும்பாதீர்கள். நூலகரை அணுகிப் பணிவுடன் வினவுங்கள். கேட்பாரின்றேல் வழி காட்டுவார்க்கு வேலையில்லை. வழி காட்டுவார் இன்றேல் ஏரி நிறைந்திருந்தும் வயல் வாடும். செவியில் விழுந்த எதனையும் ஆராயாது ஏற்காமல், சான்று தேடும் பழக்கத்தை அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அப்பழக்கம் உங்களை வாழ்நாள் முழுதும் காக்கும்.