உங்களுக்குத் தெரியுமா? – கலயத்து நுரையும் இத்தாலி நுரையும்

தென்னம்பாளையைச் சீவினால் சொட்டும் இனிப்பு நீர், மரத்தைவிட்டு இறங்கும் முன்பே பொங்கத் தொடங்கிவிடும். பேராவூரணிப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் விடுகிறது. அந்த வாயுதான் நுரை. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் அடங்கிவிடும், நீர் இனிப்பாகவே இருக்கும்.

*

இத்தாலியின் விலையுயர்ந்த நுரை ஒயினிலும் இதே வாயுதான். நம் கலயம் வாய் திறந்தது, வாயு பறந்துவிடும். இத்தாலிக்காரர்கள் பாட்டிலின் வாயை அடைத்துவிடுகிறார்கள். ஒருமுறை நொதித்த ஒயினில் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து, பாட்டிலில் மூடி, நிலவறையில் படுக்கவைப்பார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கும். அழுத்தம் 5, 6 வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில் இருப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பாட்டில் அவ்வளவு தடியாக இருப்பது அழகுக்காக அல்ல.

*

ருசி தருவது செத்த ஈஸ்ட்! வேலை முடிந்து வண்டலாகப் படிந்த ஈஸ்டோடு ஒயின் கிடக்கக் கிடக்க, சுட்ட ரொட்டி வாசம் ஏறும். லொம்பார்டியின் ஃபிரான்சியகோர்த்தா பகுதி விதிப்படி, சாதாரண வகை 18 மாதமும் 'ரிசெர்வா' 60 மாதமும் வண்டலோடு இருந்தாக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்குப் பதிலாக நட்ட நெட்டைக் கன்று பாளை விடக் காத்திருந்தோமே, ரிசெர்வா காத்திருப்பதும் ஏறத்தாழ அவ்வளவு காலம். கடைசியில் பாட்டிலைத் தலைகீழாக்கி, வண்டலைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, அதை உறையவைத்துத் திறப்பார்கள். உள்ளிருக்கும் வாயுவே வண்டலை வெளியே துப்பிவிடும்.

*

'ஃபெராரி' நுரை ஒயினுக்கும் காருக்கும் சம்பந்தமில்லை. ஜூலியோ ஃபெராரி 1902இல் ட்ரென்டோவில் தொடங்கியது அது. ஆனாலும் 2021 முதல் 2024 வரை ஃபார்முலா 1 வெற்றி மேடையில் பீய்ச்சியது அந்த ஒயினைத்தான்!

*

எல்லா இத்தாலி நுரையும் முதிர்ந்ததல்ல. புரொசெக்கோ பெரும்பாலும் எஃகுத் தொட்டியில் சீக்கிரம் தயாராவது.

*

இத்தாலி ஒயின் தமிழகத்துக்குப் புதிதா? அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அங்கு கிடைத்த சாடிகளில் இத்தாலியின் காம்பானியா பகுதியைச் சேர்ந்தவையும் உண்டு. யவனர் கொண்டுவந்த தேறல் என்ற மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார்.

*

முதிரவைக்கும் கலை நம்மிடமும் இருந்தது. மூங்கில் குழாயில் விளைந்த தேறலை மலைபடுகடாம் சொல்கிறது. மண்ணில் புதைத்து முதிரவைத்ததைக் கபிலர் சொல்கிறார். நிலவறைக்கு இத்தாலிக்காரர்தான் முன்னோடி என்று யாராவது பேசினால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

*

தென்னங்கள்ளை மட்டும் முதிரவைக்க முடியாது. சீக்கிரமே காடியாகத் திரும்பிவிடும். அதனால் இலங்கைக்காரர்கள் அதைக் காய்ச்சி வடித்து, ஹல்மில்லா மரப் பீப்பாய்களில் அடைத்து வைக்கிறார்கள். பேர்பெற்ற தென்னை அராக் அதுதான்.

*

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. புளிக்காத நீரா இறக்க 2017இல் அரசு அனுமதித்தது. நீரா வாங்கினால் குளிர்ச்சி குறையுமுன் குடித்துவிடுங்கள். புளித்துவிட்டால் அதன் பெயர் கள்.