உங்களுக்குத் தெரியுமா? பாறைக்கு அடியில் பதுங்கிய செம்பு

✦ இதுவரை கண்டுபிடித்த யுரேனியப் படிவுகளில் உலகிலேயே பெரியது தென் ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒலிம்பிக் டாம். அடிலெய்டு நகருக்கு வடக்கே சுமார் 560 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால் அந்தச் சுரங்கத்துக்குச் சோறு போடுவது யுரேனியம் அல்ல, செம்பு. கூடவே தங்கமும் வெள்ளியும் வருகின்றன. நான்கும் ஒரே தாதுவிலிருந்து!

✦ பெயரில்தான் டாம். அங்கே அணைக்கட்டு கிடையாது. ரோக்ஸ்பி டவுன்ஸ் என்ற மேய்ச்சல் பண்ணையில் கால்நடைகள் தண்ணீர் குடிக்க வெட்டிய குட்டை அது. மெல்போர்ன் ஒலிம்பிக் நடந்த 1956-இல் வெட்டியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

✦ அதே மாநிலத்தில் 1861-இல் மூன்டா செம்புச் சுரங்கம் பிறந்த கதை ரொம்ப எளிது. ஏதோ ஒரு பிராணி வளை தோண்டித் தள்ளிய மண்ணில் செம்புத் தாது கிடந்ததை பேட்ரிக் ரயன் என்ற இடையர் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். ஒலிம்பிக் டாமில் நூறு வருஷம் ஆடு மேய்த்திருந்தாலும் அப்படி ஒரு கல் காலில் தட்டுப்பட்டிருக்காது. தாதுவுக்கு மேலே சுமார் 350 மீட்டர் தடிமனுக்கு வேறு பாறை மூடிக் கிடக்கிறது. தாதுவைத் தாங்கும் கிரானைட்டுக்கு வயது ஏறத்தாழ 159 கோடி ஆண்டு. மேலே மூடியவை எல்லாம் வெகு காலம் கழித்து வந்து படிந்தவை.

✦ யுரேனியம் இருந்தால் கதிர்வீச்சுக் கருவி காட்டிக்கொடுத்துவிடாதா? கொடுக்காது. பாறையில் உண்டாகும் காமா கதிரில் மேல் அரை மீட்டருக்குள் பிறப்பதுதான் வெளியே வருகிறது. அதற்குக் கீழே இருப்பதைப் பாறையே விழுங்கிவிடும். உலகின் மிகப் பெரிய யுரேனியக் குவியலின் தலைக்கு நேர் மேலே நின்று கருவியை நீட்டினாலும் அது வாய் திறக்காது.

✦ அப்படியானால் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இங்கேதான் கதை சுவாரசியம். வெஸ்டர்ன் மைனிங் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் ராய் வுடால் தலைமையில் ஒரு தேடல் குழு இருந்தது. அதில் டக்ளஸ் ஹேன்ஸ் என்ற புவியியலாளரின் வாதம் இது: எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை ஆக்சிஜனேற்றம் அடையும்போது அதிலுள்ள செம்பு கரைந்து வெளியேறும், அது பக்கத்துப் படிவுப் பாறைகளில் போய்த் தங்கும். ஆகவே ஆழத்தில் பசால்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் செம்பின் முகவரி கிடைக்கும். பசால்ட் கனமானது, காந்தத் தன்மையும் உடையது. ஈர்ப்பும் காந்தமும் சேர்ந்து எகிறும் இடங்களை அரசின் கனிம வளப் பணியகம் ஏற்கெனவே வரைபடமாக வெளியிட்டிருந்தது. குழு அதை எடுத்து வைத்துக்கொண்டு இடம் குறித்தது. 1975-இல் முதல் துளை, ஆர்.டி. 1. சுமார் 350 மீட்டரைத் தாண்டியதும் 38 மீட்டர் நீளத்துக்கு 1.05 சதவீதச் செம்பு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அங்கே அவர்கள் எதிர்பார்த்த பசால்ட் இல்லை. ஈர்ப்பைக் கூட்டியது ஹேமடைட் என்னும் இரும்புத் தாது. நொறுங்கிய கிரானைட்டின் இடுக்குகளை இரும்பு நிரப்பியிருந்தது. அதனோடு செம்பும் யுரேனியமும் தங்கமும் குடியேறியிருந்தன. கணக்கின் காரணம் தப்பு, விடை சரி. பள்ளிக்கூடத்தில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது!

✦ முதல் துளையிலேயே செம்பு வந்துவிட்டதே, உடனே கொண்டாடினார்களா? இல்லை. அடுத்தடுத்த துளைகளில் பல கையை விரித்தன. பத்தாவது துளையான ஆர்.டி. 10 தான் 1976-இல் கண்ணைத் திறந்தது: 170 மீட்டர் நீளத்துக்கு 2.12 சதவீதச் செம்பு, உடன் யுரேனியம். நூறு கிலோ கல்லில் இரண்டு கிலோ செம்பு என்பது நமக்கு அற்பமாகத் தோன்றலாம். செம்புச் சுரங்கக் கணக்கில் அது விருந்து. தங்கம் இன்னும் சொற்பம். சராசரியாக டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. உற்பத்தி தொடங்கியது 1988-இல்.

✦ ஈர்ப்பை அளக்கும் கிராவிமீட்டரின் உள்ளே இருப்பது, மிக நுட்பமான ஒரு சுருள்வில்லில் தொங்கும் சிறு எடை. கீழே கனமான பாறை இருந்தால் எடை இம்மியளவு கூடுதலாக இழுபடும். ஈர்ப்பை அளக்கும் அலகு மில்லிகால்; பூமியின் ஈர்ப்பு சுமார் 9,80,000 மில்லிகால். தேடுகிறவர்கள் துரத்துவது அதில் பத்துப் பதினைந்து மில்லிகால் வித்தியாசத்தை. சில சமயம் ஒன்றிரண்டை.

✦ இதையே விமானத்தில் பறந்துகொண்டே அளக்கும் ஃபால்கன் என்ற கருவியை பி.எச்.பி. நிறுவனம் 1999-இல் பறக்கவிட்டது. அடிப்படைத் தொழில்நுட்பம் அமெரிக்கக் கடற்படை நீர்மூழ்கிகளுக்காக உருவானது. முதல் மூன்று கருவிகளுக்கு வைத்த பெயர்கள்: ஐன்ஸ்டீன், நியூட்டன், கலிலியோ.

✦ யூகலிப்டஸ் மரத்தின் வேர் முப்பது மீட்டருக்கும் கீழே போய்த் தண்ணீரோடு தங்கத்தையும் உறிஞ்சி இலையில் சேர்ப்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2013-இல் நிரூபித்தார்கள். இலையைப் பறித்து உருக்கலாமா என்று கேட்காதீர்கள்; நூறு கோடியில் சில பங்குதான். 350 மீட்டர் ஆழத்துக்கு இந்த வித்தையும் பலிக்காது.

✦ எத்தனை கருவி வந்தாலும் கடைசித் தீர்ப்பு டிரில்லர் கையில்தான். வைரத் துகள் பதித்த வளையம் போன்ற பிட் சுழன்று இறங்கும். நடுவில் உருளையாகப் பாறை அறுபட்டு நிற்கும். இதுதான் கோர். குறுக்களவு பெரும்பாலும் ஐந்து, ஆறு சென்டிமீட்டர். மேலே வந்ததும் கழுவி, நீளத் தட்டுகளில் வரிசையாக அடுக்கி, எத்தனை மீட்டர் ஆழம் என்று எழுதிய கட்டையை இடையிடையே வைப்பார்கள். பிறகு ரம்பத்தால் நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி ஆய்வகத்துக்கு. மறு பாதி பெட்டியிலேயே பத்திரமாக இருக்கும்.

ஆய்வக அறிக்கைக்கு முன்பே நிறம் பேசும். பித்தளை மஞ்சளில் மின்னினால் சால்கோபைரைட். ஊதாவும் நீலமுமாக மயில் கழுத்துச் சாயல் அடித்தால் போர்னைட். இதில் செம்பு அதிகம். ஒலிம்பிக் டாமில் மஞ்சள் வெளிவட்டத்திலும் ஆழத்திலும், ஊதாவும் சாம்பல் நிறச் சால்கோசைட்டும் உள்வட்டத்திலும் அமைந்திருக்கின்றன. ஆகவே கோரில் ஊதா தலைகாட்டினால் புவியியலாளரின் முகத்திலும் வெளிச்சம் தெரியும்.

✦ பெரிய கம்பெனிகள்தான் கண்டுபிடிக்கும் என்றில்லை. ஒலிம்பிக் டாமுக்குத் தெற்கே உள்ள காராபட்டீனாவில் 2005-இல் செம்பைத் தொட்டது ரூடி கோமஸ் என்பவரின் சின்னஞ்சிறு நிறுவனம். துளை போடும் செலவில் ஒரு பங்கை மாநில அரசே ஏற்கும் திட்டம் ஒன்று அப்போது நடப்பில் இருந்தது. சுமார் 470 மீட்டர் மூடுபாறையைத் தாண்டிய இரண்டாவது துளையில் 178 மீட்டர் நீளத்துக்கு 1.83 சதவீதச் செம்பும், டன்னுக்கு 0.64 கிராம் தங்கமும் வந்தன. ஆறு ஆண்டு கழித்து ஓஸ் மினரல்ஸ் நிறுவனம் 25 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்கியது. அந்த ஓஸ் மினரல்ஸையே 2023-இல் பி.எச்.பி. வாங்கிவிட்டது தனிக் கதை.

✦ ஓக் டாம் என்ற இடத்தில் 1970-களிலேயே துளை போட்டுப் பார்த்துவிட்டார்கள். இரும்பு நிறைய, செம்பு சொற்பம். விட்டுவிட்டார்கள். 2018-இல் பி.எச்.பி. அந்த வட்டாரத்துக்கே திரும்பி வந்து போட்ட ஒரு துளையில், ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே 425 மீட்டர் நீளத்துக்கு 3 சதவீதச் செம்பு! ஒருமுறை கைவிட்ட இடம் செத்துப்போன இடம் அல்ல.

✦ ஒலிம்பிக் டாம் சுரங்கத்துக்கான மசோதா 1982-இல் மாநில மேலவைக்கு வந்தபோது, யுரேனியம் தோண்டக் கூடாது என்பது தொழிற்கட்சியின் கொள்கை. நார்ம் ஃபாஸ்டர் என்ற உறுப்பினர் கட்சியிலிருந்து விலகி மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். அந்த வாக்கில்தான் மசோதா கரையேறியது.

✦ எல்லாத் துளைக்கும் அனுமதி கிடைத்துவிடுவதில்லை. டாரன்ஸ் ஏரி என்ற உப்பு ஏரி, கொகாதா, பார்ங்கர்லா உள்ளிட்ட பூர்வகுடி மக்களுக்குப் புனித இடம். அதன்மேல் துளையிட அரசு தந்த அனுமதியை பார்ங்கர்லா மக்கள் வழக்குத் தொடுத்து 2022-இல் ரத்து செய்ய வைத்தார்கள். சரியான தீர்ப்பு என்றே படுகிறது.

✦ செம்பும் யுரேனியமும் கூட்டாகக் குடித்தனம் நடத்துவது நம் நாட்டிலும் உண்டு. ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதியில், செம்பு எடுத்தபின் மிஞ்சிய தாதுக் கழிவிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அதே பகுதியிலுள்ள ஜாதுகோடாதான் இந்தியாவின் முதல் யுரேனியச் சுரங்கம்.

✦ ஆழத்துக் கனிமங்களைத் தேட இந்தியா 2023-இல் சட்டம் திருத்தி, ஆய்வுக்கென்றே தனி உரிமத்தைக் கொண்டுவந்தது. 29 கனிமங்களுக்கு அது பொருந்தும். செம்பும் தங்கமும் பட்டியலில் உண்டு. யுரேனியம் அதில் இல்லை.

✦ அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் புவியறிவியல் தரவுக் களஞ்சியம் என்ற இணையதளம் திறக்கப்பட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையும் பிற அமைப்புகளும் சேகரித்த ஈர்ப்பு, காந்த, புவி வேதியியல் அளவீடுகள் அதில் கிடைக்கின்றன. ஒலிம்பிக் டாமுக்கு வழிகாட்டியதும் இதுபோன்ற அரசு வரைபடம்தானே? புவியியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், அந்தத் தளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.